காலி வீதியும் பால்வீதியும்: இரண்டிலும் ஒரே நெரிசல்தானா?

வெள்ளவத்தை_மாடி | திங்கள், இரவு 10.15

கன நாளாக மனதில் கிடக்கிற ஒரு விஷயம், இன்றைக்கு எழுதியே தீருவது என்று உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வேலை கோட்டையில், வீடு வெள்ளவத்தையில், தினமும் 100ஆம் இலக்க பஸ். பின்னேரம் கொள்ளுப்பிட்டி தாண்டினதும் பஸ் நிற்கும், பத்தடி ஊரும், திரும்ப நிற்கும். முன்னால் ஏதோ விபத்து, இல்லாவிட்டால் ஒரு லொறி பழுதாகிக் குறுக்கே நிற்கிறது என்று எட்டி எட்டிப் பார்ப்பேன். கால் மணித்தியாலம் போனபிறகு பஸ் திடீரென்று வேகமெடுக்கும். பார்த்தால் ரோட்டில் ஒன்றுமே இராது. விபத்தும் இல்லை, பொலிஸும் இல்லை. அப்படியென்றால் இவ்வளவு சனமும் எதற்காக நின்றோம்?

இதற்குப் பதில் ஜப்பானில் இருக்கிறது. 2008இல் நகோயாவைச் சேர்ந்த சுகியாமா என்ற பௌதிகவியலாளரும் அவருடைய குழுவும் 230 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவில் ஒரே சீராக ஓட்டுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். கலர் லைட் இல்லை, சந்தி இல்லை, மஞ்சள் கடவை இல்லை. கொஞ்ச நேரம் அழகாக ஓடியது. பிறகு யாரோ ஒருவர் கொஞ்சம் தாமதித்தார், பின்னால் வந்தவர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக பிரேக் பிடித்தார், அவருக்குப் பின்னால் வந்தவர் இன்னும் கூடுதலாக. கடைசியில் நாலைந்து கார்கள் முழுதாக நின்றுவிட்டன. அந்த நிற்கிற கூட்டம் மணிக்கு 20 கிலோமீட்டர் அளவில் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. கார்கள் முன்னால் போகின்றன, நெரிசல் பின்னால் போகிறது. அந்த வீடியோவை நான் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்பேன்.

அதாவது நெரிசல் என்பது வாகனங்களின் கூட்டம் இல்லை, வாகனங்களுக்குள்ளால் ஓடுகிற ஒரு அலை. நம்முடைய சூரியனும் இருக்கிற நட்சத்திரப் பெருங்கூட்டமான பால்வீதியின் சுருள் கைகளும், அதாவது மையத்தைச் சுற்றி வளைந்து கிடக்கிற நட்சத்திரப் பட்டைகளும், இதே மாதிரித்தான் என்று ஒரு இடத்தில் வாசித்தேன். இது உண்மையிலேயே ஒரே கணக்குத்தானா, அல்லது சும்மா ஒரு உவமையா? தெரிந்தவர்கள் வாருங்கள்.

பௌதிகவியல்_டீச்சர் | திங்கள், இரவு 11.02

தம்பி, இந்தக் கேள்வியை என்னிடம் உயர்தரப் பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள். உவமையைவிட நெருக்கம், ஆனால் ஒரே கணக்கு இல்லை.

முதலில் பிரச்சினை என்னவென்று பாருங்கள். நம்முடைய சூரியன் வினாடிக்கு ஏறக்குறைய 220 கிலோமீட்டர் வேகத்தில் பால்வீதியின் மையத்தைச் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு 20 கோடி வருடத்துக்கு மேல் எடுக்கும். உள்ளே இருக்கிற நட்சத்திரங்களுக்குத் தூரம் குறைவு, அவை கெதியாகச் சுற்றி முடித்துவிடும். சுருள் கை என்பது எப்போதும் அதே நட்சத்திரங்களால் ஆன ஒரு கட்டு என்றால், சில சுற்றுகளிலேயே அது நூல்கண்டு மாதிரி இறுகிச் சுற்றிக் காணாமல் போயிருக்கவேண்டும். ஆனால் வானத்தில் எங்கே பார்த்தாலும் விரிந்த சுருள்கள் இருக்கின்றன.

1964இல் சி. சி. லின், ஃபிராங்க் ஷூ இருவரும் கொடுத்த விடை: கை என்பது அடர்த்தி அலை. நட்சத்திரங்கள் அதற்குள் வருகின்றன, அங்கே கொஞ்ச நேரம் நெருக்கமாக இருக்கின்றன, பிறகு வெளியே போய்விடுகின்றன. உங்கள் பஸ் நெரிசலுக்குள் போய் வெளியே வருகிற மாதிரியேதான். வாயு அதற்குள் வரும்போது அமுங்கிப் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன, அவற்றில் பெரியவை நீலமாக எரிந்து சில மில்லியன் வருடத்திலேயே முடிந்துவிடும், கையை விட்டு வெளியே போக அவற்றுக்குக் காலமே கிடையாது. அதனால்தான் படங்களில் கைகள் மட்டும் நீலமாக ஒளிர்கின்றன.

வித்தியாசம் எங்கே என்றால், அங்கே இழுப்பது ஈர்ப்புவிசை. இங்கே மனிதனுடைய தாமதம். நட்சத்திரத்துக்கு முன்னால் போகிறவனைப் பார்த்துப் பயந்து பிரேக் பிடிக்கத் தெரியாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். லின், ஷூ சொன்ன மாதிரி ஒரே அலை நீண்ட காலம் நிலைத்திருக்கிறதா என்பதில் இன்றைக்கும் வாதம் நடக்கிறது. கணினியில் நட்சத்திரக் கூட்டங்களை ஓடவிட்டுப் பார்க்கும்போது கைகள் தோன்றி, உடைந்து, திரும்பத் தோன்றுகிற மாதிரியும் வருகின்றன.

ஒரு சொந்த விஷயம். 90களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலம், இரவில் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தால் பால்வீதி தலைக்கு மேலே கோலம் போட்ட மாதிரி வடிவாகத் தெரியும், அப்பா ஒவ்வொரு நட்சத்திரமாகப் பெயர் சொல்லித் தருவார். கொழும்பில் 20 வருடமாக இருக்கிறேன், இங்கே ஒரு நாளும் அதைக் கண்டதில்லை. என் பிள்ளைகள் கோளரங்கத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி.

கட்டுபெத்தை_இஞ்சினியர் | செவ்வாய், காலை 6.40

நல்ல இழை. ஆனால் ஒரு எச்சரிக்கை, நான் வீதிப் போக்குவரத்துத் துறையில் வேலை செய்கிறவன் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. சுகியாமாவின் வட்டத்தை எடுத்துக் காலி வீதியில் அப்படியே ஒட்டாதீர்கள்.

நெரிசலை அலையாகப் பார்ப்பது பழைய விஷயம். 1955இல் லைட்ஹில், விதாம் இருவரும் ஆற்றில் வெள்ளம் நகர்வதைப் படிக்கிற அதே சமன்பாட்டை ரோட்டுக்குப் போட்டார்கள், அடுத்த வருடம் ரிச்சர்ட்ஸ் தனியாக அதே இடத்துக்கு வந்தார். அதன் சாரம் இவ்வளவுதான்: வாகனம் கூடக்கூட முதலில் ஓட்டமும் கூடும், ஒரு அளவுக்கு மேல் போனால் வாகனம் கூடக்கூட ஓட்டம் குறையும். உச்சத்தைத் தாண்டிய பக்கத்தில் சின்ன அசைவும் பின்னால் ஓடும். 1992இல் நாகல், ஷ்ரெக்கன்பெர்க் இருவரும் ரோட்டை 7.5 மீட்டர் கட்டங்களாக வெட்டி, நாலே நாலு விதியோடு கணினியில் ஓடவிட்டுக் காட்டினார்கள். நாலு விதியில் ஒன்று, சில நேரம் காரணமில்லாமல் வேகத்தைக் குறை என்பது. அந்த விதியை எடுத்துவிட்டால் சும்மா உருவாகிற நெரிசல் மறைந்துவிடும்.

சரி, இப்போது காலி வீதிக்கு வாருங்கள். இங்கே காரணம் இல்லாமல் நெரிசல் வருகிறது என்று சொல்வதை நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். பஸ் ஹோல்டில் ஒதுங்காமல் நடு ரோட்டில் ஆள் ஏற்றுகிறது, பக்கத்து ஒழுங்கையிலிருந்து வாகனம் மூக்கை நீட்டுகிறது, மஞ்சள் கடவையில் சனம் தனித்தனியாகக் கடக்கிறது. இவை எல்லாம் காரணம்தான். நீங்கள் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும்போது அந்தக் காரணம் போய்விட்டது, அதன் அலை மட்டும் உங்களிடம் வந்தது. உச்ச நேரத்தில் கலர் லைட்டை நிறுத்திவிட்டுப் பொலிஸ்காரர் கையால் விடுகிறதும் உண்டு. ஒரு பக்கத்தை நாலைந்து நிமிடம் விட்டால், மற்றப் பக்கத்தில் வரிசை அடுத்த சந்தி வரைக்கும் போய் அந்தச் சந்தியையும் பூட்டிவிடும். ஒரு சந்தியில் கலர் லைட் ஒரு முழுச் சுற்று மாற எத்தனை வினாடி நல்லது என்று வெப்ஸ்டர் என்ற ஆய்வாளர் 1958இலேயே சூத்திரம் கொடுத்துவிட்டார். மிகக் குறுகினாலும் நஷ்டம், மிக நீண்டாலும் நஷ்டம்.

வெயிலில் நிற்கிற பொலிஸ்காரர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிவது தங்கள் சந்தி மட்டும், அடுத்த சந்தியைக் காட்டுகிற கருவி அவர்கள் கையில் இல்லை.

மூன்றுசில்லு | செவ்வாய், பகல் 1.25

எல்லோருக்கும் வணக்கம். நான் 14 வருடமாக ஓட்டோ ஓட்டுகிறேன், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம். படித்த ஆட்கள் பேசுகிற இடத்தில் நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

அந்த வட்ட வீடியோவை நானும் பார்த்தேன். அதில் மோட்டார் சைக்கிள் இல்லை! இங்கே நான் முன்னால் போகிற காருக்கு ஒரு ஓட்டோ நீளம் இடம் விட்டால் அந்த இடத்தில் ஒரு நிமிடத்துக்குள் இரண்டு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். திரும்ப இடம் விட்டால் இன்னொரு ஓட்டோ வரும். அப்படி விட்டுக்கொண்டே போனால் நான் பின்னால் போகிறதுதான் மிச்சம், பின்னால் இருக்கிறவர் ஹோர்ன் அடித்தே காதைச் செவிடாக்குவார். அதனால் எல்லோரும் மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு ஓடுகிறோம். ஒட்டி ஓடினால் சின்ன பிரேக்குக்கும் எல்லோரும் நிற்கவேண்டும் என்று எங்களுக்கும் தெரியும் ஐயா. தெரிந்தும் இடம் விட முடியாது, அதுதான் எங்கள் நிலைமை.

ஆனால் ஒன்று. முன்னால் போகிற வாகனத்தின் பிரேக் லைட்டைப் பார்த்து ஓட்டாமல், அதற்கு முன்னால் மூன்றாவது வாகனத்தின் லைட்டைப் பார்த்து ஓட்டினால் நான் நிற்கிற தடவை குறையும். பெற்றோலும் மிச்சம். கியூவில் நின்று பெற்றோல் அடித்த 2022இல் பழகினது, ஒரு சொட்டையும் வீணாக்கக் கூடாது என்று.

கட்டுபெத்தை_இஞ்சினியர் | செவ்வாய், இரவு 8.10

மூன்றுசில்லு அண்ணா, நீங்கள் கடைசியில் சொன்ன விஷயத்தைத்தான் பெரிய செலவில் அமெரிக்காவில் சோதித்தார்கள். அரிசோனாவில் டூசன் நகரத்தில், சுகியாமாவின் வட்டத்தைப் போலவே 260 மீட்டர் சுற்றில் 20 சொச்சக் கார்களை ஓடவிட்டு, அவற்றில் ஒரே ஒரு காரை மட்டும் கணினி ஓட்டியது. அந்தக் கார் முன்னால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளாமல், சராசரி வேகத்தைக் கணித்து இடைவெளி விட்டு ஆறுதலாகப் போனது. அலை அடங்கிவிட்டது. முழுக் கூட்டத்துக்கும் எரிபொருள் 40 வீதம் வரை குறைந்தது. 2018இல் அந்தக் கட்டுரை வந்தது. மற்ற ஓட்டுநர்களுக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை, ஒருவர் நிதானமாகப் போனதே பின்னால் வந்த அத்தனை பேருக்கும் போதுமாக இருந்தது.

உங்கள் கேள்வி அங்கேயும் எழுந்தது, ஒரே லேன் என்பதால்தானே இப்படி என்று. அதனால்தான் 2022 நவம்பரில் நாஷ்வில் நகரத்துக்குப் பக்கத்தில் ஐ-24 நெடுஞ்சாலையில், உண்மையான காலை நெரிசலுக்குள் 100 கார்களை விட்டார்கள். பல லேன், யாரும் உள்ளே வெட்டலாம். உள்ளே வெட்டுகிறவர்களை எவ்வளவு தாங்கலாம் என்பதுதான் அங்கே முக்கியமான கணக்கு. இடைவெளி கூடினால் ஆட்கள் உள்ளே வருவார்கள், குறைந்தால் அலையைத் தாங்காது, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது.

லேன் ஒழுங்கில்லாத நம்முடைய கலப்புப் போக்குவரத்தில் அந்த நடு இடம் வேறாகத்தான் இருக்கும். இந்தியாவில் சென்னையிலும் மும்பையிலும் இதைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், மோட்டார் சைக்கிள் பக்கவாட்டில் ஊறிப்போவதைத் திரவம் மாதிரிக் கணக்குப் பண்ணுகிறார்கள். கொழும்பின் ஓட்டோவுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நுகேகொடை_நிரல் | செவ்வாய், இரவு 11.48

நான் மென்பொருள் வேலை செய்கிறவள், என் பக்கத்திலிருந்து ஒன்று. இந்த இழையில் எல்லோரும் வாகனம் எப்படி ஓடுகிறது என்று பேசுகிறீர்கள், எந்த வழியால் ஓடுகிறது என்பதை யாரும் தொடவில்லை. 2025இல் அதில் ஒரு பெரிய விஷயம் நடந்தது, தமிழில் ஒருவரும் எழுதவில்லையே என்று எனக்கு ஆதங்கம்.

போனில் வழி கேட்டால் அதற்கு அடியில் இருக்கிற தாய்க் கணக்கு டைக்ஸ்ட்ரா என்ற நெதர்லாந்துக் கணினியியலாளருடையது. 1956இல் ஆம்ஸ்டர்டாமில், தான் மணக்கப்போகிற பெண்ணோடு கடைக்குப் போய்க் களைத்து ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, பேப்பரும் பேனையும் இல்லாமல் 20 நிமிடத்தில் யோசித்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1959இல் அச்சில் வந்தது. முறை மிக எளிது. நீங்கள் நிற்கிற சந்தியிலிருந்து எட்டக்கூடிய சந்திகளில் மிகக் கிட்டினதை முதலில் எடு, அதிலிருந்து அடுத்ததைப் பார், திரும்பவும் இருப்பவற்றில் மிகக் கிட்டினதை எடு. ஒவ்வொரு தடவையும் மிகக் கிட்டினதை எடுப்பதென்றால், நீங்கள் அறியாமலே எல்லாச் சந்திகளையும் தூரத்தின்படி வரிசைப்படுத்திக்கொண்டு போகிறீர்கள். வரிசைப்படுத்துவதற்கு ஒரு குறைந்தபட்சச் செலவு உண்டு, அதைத் தாண்ட முடியாது. ஆகவே பெரிய வலைகளில் இதைவிடக் கெதியாக முடியாது என்றே பலரும் எண்ணியிருந்தார்கள்.

2025இல் பெய்ஜிங்கில் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் ரான் துவான் குழு அந்தச் சுவரை உடைத்தது. அவர்கள் சொன்னது, எனக்குத் தூரம்தானே வேண்டும், வரிசை எதற்கு? எல்லையில் நிற்கிற அத்தனை சந்திகளையும் ஒவ்வொன்றாக ஒழுங்குபடுத்தாமல், கொஞ்சம் முன்னால் எட்டிப் பார்த்து, யாருக்குப் பின்னால் நிறையச் சந்திகள் தொங்குகின்றனவோ அந்தச் சிலரை மட்டும் முக்கியமானவர்களாக எடுத்துக்கொண்டு மேலே போனார்கள். கணினியியலின் பெரிய மாநாடு ஒன்றில் சிறந்த கட்டுரை விருதும் கிடைத்தது. நாளைக்கே உங்கள் போன் வேகமாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். வரைபடச் செயலிகள் ரோட்டு வலையை முன்கூட்டியே சுருக்கி வைத்திருப்பதால் அங்கே விடை ஏற்கெனவே கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது. ஆனால் முடியாது என்று ஒரு தலைமுறை நம்பிய ஒன்று முடியும் என்று தெரிந்தது, எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

இதில் ரோட்டுக்கு முக்கியமான பகுதி வேறு. எல்லோருக்கும் அவரவர் குறுகிய வழியைக் காட்டினால் எல்லோருக்கும் நல்லதா? 1968இல் பிரேஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் இல்லை என்று காட்டினார். ஒரு கற்பனைக் கணக்கு போடுகிறேன். 2000 வாகனம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகவேண்டும், இரண்டு வழி. ஒவ்வொரு வழியிலும் ஒரு ஒடுக்கமான துண்டு, அதில் வாகன எண்ணிக்கையை 50ஆல் பிரித்தால் வருகிற நிமிடம் எடுக்கும். ஒரு அகலமான துண்டு, எப்போதும் 50 நிமிடம். முதல் வழியில் ஒடுக்கம் முன்னால், மற்றதில் பின்னால். ஆயிரம் ஆயிரமாகப் பிரிந்து போவார்கள், 20 நிமிடமும் 50 நிமிடமுமாக 70 நிமிடம். இப்போது இரண்டு ஒடுக்கத் துண்டுகளையும் இணைத்து நடுவில் ஒரு குறுக்கு ஒழுங்கை திறக்கிறோம், அதைக் கடக்க நேரமே வேண்டாம் என்று வையுங்கள். ஒடுக்கத் துண்டு மிக மோசமான நாளிலும் 40 நிமிடம்தான், 50ஐவிட நல்லது, அதனால் எல்லோரும் ஒடுக்கம், ஒழுங்கை, ஒடுக்கம் என்று போவார்கள். 40ம் 40ம் 80. புது வழி திறந்தபிறகு எல்லோருக்கும் 10 நிமிடம் கூட! ஒருவர் மட்டும் பழைய வழிக்குத் திரும்பினால் அவருக்கு 90. அதனால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள்.

வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கைகளில் பின்னேரம் என்ன நடக்கிறது என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். செயலி எல்லோருக்கும் ஒரே ஒழுங்கையைக் காட்டுகிறது, அந்த ஒழுங்கை காலி வீதியில் வந்து சேருகிற வாயில் எல்லோரும் நிற்கிறார்கள்.

கட்டுபெத்தை_இஞ்சினியர் | புதன், காலை 6.55

தங்கச்சி, அருமையான கணக்கு. ஆனால் பிரேஸைக் காட்டி மேம்பாலமே கட்டாதே என்று சிலர் பேசுவது எனக்குப் பிடிக்காது. எல்லோரும் காட்டுகிற உதாரணம் சோல் நகரம், 2003இல் நகர நடுவில் இருந்த உயர்த்திய வீதியை இடித்து 2005இல் அதற்குக் கீழே இருந்த ஓடையைத் திறந்தார்கள், போக்குவரத்து நாறிப்போகவில்லை. உண்மை. ஆனால் இடையில் 2004இல் அதே நகரம் பஸ் சேவையை அடியோடு மாற்றி, நடு வீதியில் பஸ்ஸுக்குத் தனி லேன் கொடுத்தது. இடித்ததை மட்டும் பேசி பஸ்ஸை விட்டுவிட்டால் அது பாதிக் கதை.

நம்மிடம் ராஜகிரிய மேம்பாலம் 2018இல் வந்தது, புதிய களனிப் பாலம் 2021இல் வந்தது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு ஜப்பானின் உதவியோடு வரவிருந்த இலகு ரயிலை 2020இல் நிறுத்தினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. 60 பேரைக் கொண்டுபோகிற பஸ் மூன்று காருக்கு மேல் இடம் எடுப்பதில்லை, அந்த மூன்று காரிலும் பெரும்பாலும் ஆளுக்கொருவராக மூன்று பேர்தான். கணக்கு இதைவிட எளிதாக இருக்க முடியாது.

வானம்பாடி22 | புதன், பின்னேரம் 4.30

அண்ணாமார் அக்காமாருக்கு வணக்கம், நான் இரண்டாம் வருட மாணவன். குவாண்டம் கணினி வந்தால் இந்த நெரிசல் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எங்கள் பட்ஜில் ஒருவன் அடித்துச் சொல்கிறான். கூகுளின் வில்லோ சிப்பைக் காட்டுகிறான். சரியா?

அதோடு என் பக்கத்திலிருந்து ஒரு ஒற்றுமை. சிலியில் ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. 3200 மெகாபிக்சல் கமரா, ஒரு இரவுக்கு 20 டெராபைட் அளவில் தரவு. பத்து மணித்தியாலச் சோதனைப் படங்களிலேயே 2104 புதிய சிறுகோள்களைப் பிடித்துவிட்டார்கள். வானத்தில் எது மாறினாலும் ஒரு நிமிட அளவில் உலகத்துக்கு அறிவிப்பு அனுப்புவது திட்டம், முழு ஓட்டத்தில் ஒரு இரவுக்கு ஒரு கோடி வரை போகலாம் என்று கணித்திருந்தார்கள். அந்த அறிவிப்புகள் தங்களுக்குள் நெரிசல் படாமல் போகவேண்டும்! இதற்குப் போடுகிற வரிசைக் கணக்கு 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசிக்காக எர்லாங் என்ற கணிதவியலாளர் போட்டதிலிருந்து வந்தது. எளிய வடிவத்தில், ஒரு வாசலின் கொள்ளளவில் பாதி நிரம்பியிருந்தால் ஆளில்லாத நேரத்தைவிட 2 மடங்கு நேரம் ஆகும், 90 வீதம் நிரம்பினால் 10 மடங்கு, 95 என்றால் 20 மடங்கு. வெறும் 5 வீதம் கூடினதுக்கு நேரம் இரட்டிப்பு.

பாடசாலை லீவு விட்டால் கொழும்பு ரோடு திடீரென்று திறந்துகொள்ளுமே, அது இதனால்தானே? ஸ்கூல் வேன்களும் பிள்ளைகளை ஏற்றிப்போகிற கார்களும் மொத்தத்தில் ஒரு பங்குதான். அந்தப் பங்கு போனதும் முழு ரோடும் மூச்சு விடுகிறது.

நுகேகொடை_நிரல் | புதன், இரவு 7.05

தம்பி, லீவு உதாரணம் மிகச் சரி, அதை நான் களவாடிக்கொள்ளப் போகிறேன். குவாண்டம் பற்றி: 2024 டிசெம்பரில் வந்த வில்லோவில் 105 கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. அது சாதித்தது பிழை திருத்தம், கியூபிட் கூட்டத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பிழை ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதற்கு முன்பு பொதுவாகக் கூட்டினால் பிழையும் கூடிக்கொண்டிருந்தது, அதனால் இது உண்மையான மைல்கல். ஆனால் ரோட்டுக்கும் அதற்கும் இன்றைக்குத் தொடர்பில்லை. 2019இல் லிஸ்பனில் ஒரு மாநாட்டுக்காக வோக்ஸ்வேகன் 9 பஸ்களின் வழியைக் குவாண்டம் இயந்திரத்தால் தீர்மானித்தது. ஒன்பது பஸ்ஸுக்குச் சாதாரண மடிகணினியே போதும். நண்பனிடம் சொல்லுங்கள், நம்முடைய பற்றாக்குறை கணிப்பு வேகம் இல்லை. சந்தியில் என்ன நடக்கிறது என்ற தரவுதான்.

பௌதிகவியல்_டீச்சர் | வியாழன், பின்னேரம் 5.20

இன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஓடி வந்தேன். இந்த இழையை வாசித்த உற்சாகத்தில் 12ஆம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். நடுவில் ஒரு பிள்ளை நிற்க, இரண்டு மீட்டர் கயிற்றின் மறுமுனையில் சோக்குக் கட்டியால் சிமெந்துத் தரையில் வட்டம் கீறினோம், சுற்றளவு பன்னிரண்டரை மீட்டர் வரும். முதலில் 12 பிள்ளைகள் கோட்டின் மேல் நடந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை, சீராகப் போனார்கள். பிறகு 22 பேர். இரண்டாவது சுற்று முடிய முன்பே ஒரு பக்கத்தில் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள், மற்றப் பக்கத்தில் ஆட்கள் நடக்கிறார்கள். யாரும் வேண்டுமென்று நிற்கவில்லை. நிற்கிற இடம் அவர்கள் நடக்கிற திசைக்கு எதிராக ஊர்ந்தது. வெளியே நின்ற பிள்ளை ஒருத்தி, டீச்சர், அது பின்னால போகுது என்று கத்தினாள். மேலே மாடியில் நின்ற மற்ற வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு ஒரு பிள்ளையிடம் மட்டும் இரகசியமாகச் சொன்னேன், முன்னால் இடம் இருந்தாலும் ஓடிப்போய் நிரப்பாதே, உன் பாட்டுக்கு மெதுவாக ஒரே சீராக நட என்று. நாலு சுற்றில் அவளுக்குப் பின்னால் நிற்கிறவர்கள் குறைந்தார்கள், முழுதாகப் போகவில்லை, ஆனால் நின்றுபோன இடம் தயங்கித் தயங்கி நடக்கிற இடமாக மாறியது. சுருள் கையைப் பற்றி அதற்குப் பிறகு விளக்க எனக்கு ஐந்து நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

வெள்ளவத்தை_மாடி | வெள்ளி, இரவு 9.30

டீச்சர், உங்களைப் பார்த்து நானும் ஒன்று செய்தேன். எங்கள் வீடு ஆறாம் மாடியில், பால்கனியிலிருந்து காலி வீதியின் ஒரு துண்டு நேராகத் தெரியும், ஏறக்குறைய 200 மீட்டர் வரும். இரவில் பிரேக் லைட்டுகள் தெளிவாகத் தெரியும் என்பதால் போனில் நேரம் பிடித்தேன். முன்னால் ஒரு வாகனம் நின்றதும் சிவப்பு ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு என் பக்கம் வருகிறது, கார்த்திகை விளக்கை வரிசையாக ஏற்றிக்கொண்டு வருகிற மாதிரி. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 38 வினாடி, அடுத்த தடவை 44, பிறகு 40. சராசரி 40 என்று எடுத்தால் வினாடிக்கு 5 மீட்டர், மணிக்கு 18 கிலோமீட்டர். ஜப்பானில் 20! எனக்குக் கை நடுங்கியது.

கட்டுபெத்தை_இஞ்சினியர் | வெள்ளி, இரவு 10.05

தற்செயல் இல்லை. நிற்கிற வரிசையில் ஒரு வாகனம் இடைவெளியோடு சேர்த்து ஏறக்குறைய 7.5 மீட்டர் எடுக்கும். முன்னால் இருப்பவர் அசைந்தபிறகு பின்னால் இருப்பவர் அசைய ஒன்றரை வினாடி அளவில் எடுக்கும். 7.5ஐ 1.5ஆல் பிரியுங்கள், 5 வரும். ஜப்பானியனுடைய கண்ணும் காலும் எவ்வளவு நேரம் எடுக்கிறதோ, நம்முடையதும் ஏறக்குறைய அவ்வளவுதான் எடுக்கிறது. ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் குறைந்த இடம் எடுப்பதால் நம்மிடம் கொஞ்சம் மெதுவாக இருக்கலாம், உங்கள் 18 அதற்கும் பொருந்துகிறது.

மூன்றுசில்லு | வெள்ளி, இரவு 11.10

தம்பி, உங்கள் பால்கனி எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்லுங்கள். நாளைக்குப் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு தெஹிவளைப் பக்கம் போவேன். கூரைக்குப் பின்னால் ஒரு பச்சை லைட் கட்டிக்கொண்டு வருகிறேன். அந்தத் துண்டு முழுக்க இடம் விட்டு, நிற்காமல் ஓட்டிப் பார்க்கிறேன், எத்தனை பேர் உள்ளே வெட்டினாலும் பரவாயில்லை. நீங்கள் மேலே இருந்து பாருங்கள்.

வெள்ளவத்தை_மாடி | சனி, இரவு 8.20

6.50க்கு அண்ணாவின் பச்சை லைட் தெரிந்தது. சனிக்கிழமை என்றாலும் கடைக்கு வந்த சனத்தால் ரோடு நிறைந்துதான் இருந்தது. முன்னால் இரண்டு தடவை சிவப்பு பற்றிக்கொண்டு வந்தது. முதல் தடவை, அவருக்கு முன்னால் நாலு வாகனம் வரைக்கும் வந்து, பச்சைக்குப் பக்கத்தில் வந்ததும் அணைந்தது. அவருக்குப் பின்னால் ஏழு வாகனம் எண்ணினேன், ஒன்றும் முழுதாக நிற்கவில்லை, ஊர்ந்துகொண்டே வந்தன. பக்கத்து லேனில் அலை அப்படியே கடந்து பின்னால் போனது. இரண்டாவது தடவை ஒரு பஸ் குறுக்கே வந்து அவருக்கு முன்னால் ஆள் இறக்கியது, அண்ணாவும் நின்றார், சிவப்பு அவரைத் தாண்டிப் போய்விட்டது.

மூன்றுசில்லு | சனி, இரவு 10.45

மோட்டார் சைக்கிள் ஆறு, ஓட்டோ இரண்டு, ஒரு வேன், எல்லாம் எனக்கு முன்னால் வெட்டினது. அப்படி இருந்தும் முதல் தடவை பிரேக்கில் கால் வைக்கவில்லை. அந்த பஸ் இல்லாவிட்டால் இரண்டாவதும் சரியாக வந்திருக்கும். எங்கள் ஸ்டாண்டில் இன்னும் மூன்று பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள், பக்கத்து லேனுக்கும் ஆள் இருக்கிறது. திங்கள் பின்னேரம் வீட்டில் இருப்பீர்களா?